மலை வெளியே வந்த நாள்

சியாட்டில்
ஜூலை 14

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு லேசானது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

என்னிடமும் ஒரு சேதி இருக்கிறது. பனியாற்றைப் பார்த்துவிட்டேன்! மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டி ஆறு என்று இத்தனை வருடம் நீயும் நானும் வகுப்பில் கரும்பலகையில் வரைந்தோமே, அதே பனியாறு.

வந்து இரண்டு வாரம் வானம் மூடியே கிடந்தது. தெற்கே பெரிய மலை இருக்கிறது என்று மகன் சொன்னதோடு சரி. ஒருநாள் காலையில் திரையை விலக்கினால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ரெய்னியர் மலை, 14,410 அடி. இப்படித் தெரியும் நாளில் 'மலை வெளியே வந்திருக்கிறது' என்பார்களாம் இந்த ஊர்க்காரர்கள்.

அந்தச் சனிக்கிழமையே காரில் கிளம்பினோம். இரண்டரை மணி நேரப் பயணம். வழியில் நிஸ்குவாலி ஆறு, சாம்பலைக் கரைத்த பால்போல ஓடியது. பனியாறு பாறையை மாவாக அரைக்கும் என்று சொல்லிக்கொடுப்போமே, அந்த மாவுதான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். நான் சொன்ன பாடம் என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது, கலா. கண் கலங்கிவிட்டது.

பாரடைஸ் என்ற இடம்வரை கார் போகும். 5,400 அடி உயரம். 1971-72இல் ஒரே பருவத்தில் அங்கே 1,122 அங்குலம் பனி பெய்திருக்கிறது. 93 அடிக்கும் மேல்! ஜூலையிலும் பாதை பாதிக்குமேல் பனிக்கடியில்தான். பஞ்சுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல் உப்புபோல நறநறக்கிறது. சில இடங்களில் இளஞ்சிவப்பு. பனியில் வளரும் ஒருவகைப் பாசியாம். வெயிலோ சுள்ளென்று அடிக்கிறது, அரைக்கைச் சட்டையோடு பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

மகன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினேன். கீழே பள்ளத்தில் நிஸ்குவாலி பனியாறு. நாம் வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தோம். ஆனால் அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடி அழுக்காக இருக்கிறது. மேலே பிளவுகளுக்குள் மட்டும் நீலம். திடீரென்று இடி மாதிரி ஒரு சத்தம். எங்கோ பனிப்பாளம் உடைந்து விழுந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை நாம் ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லையே என்றிருந்தது. இந்தப் பனியாறு, நடுவில் சில தடவை கொஞ்சம் முன்னேறினாலும், நூறு வருடத்துக்கு மேலாக மொத்தத்தில் உருகிப் பின்வாங்கி வருகிறது. இத்தனை பெரியதைப் பார்த்தபின் அதைக் கேட்கத் தாங்கவில்லை.

அப்புறம், நீ வரலாறும் எடுத்தவள் என்பதால் இது உனக்கு. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் இதைத் தஹோமா என்பார்கள். 1792இல் வான்கூவர் என்ற கப்பல் தலைவர் தன் நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரை வைத்தார். அதே ரெய்னியர்தான் 1795இல் திருகோணமலையை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஆங்கிலப் படையின் கடற்படைத் தலைவர். எங்கிருந்து எங்கே பார்!

உனக்கு ஒரு கூழாங்கல் எடுத்துவர ஆசைப்பட்டேன். தேசியப் பூங்காவில் கல்லைக்கூட எடுக்கக் கூடாதாம், வைத்துவிட்டேன். போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. அக்டோபரில் வந்ததும் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். அதற்குள் கம்பில்லாமல் நட.

அன்புடன்,
வசந்தா