மால்டினுக்கு நான்கு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்கால அஞ்சல்தலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் வாழ்க்கையை வரைந்த அமெரிக்கர் பில் மால்டினை நான்கே வரியில், 'நகைச்சுவை ஓவியர்' என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை.

எழுபதுகளில் அப்பாவின் வேலை காரணமாக நாங்கள் சிகாகோவில் இருந்தோம். மால்டின் அப்போது அங்கே 'சன்-டைம்ஸ்' பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்தார். ஆனால் எனக்கு அவரைக் காட்டியவர் கீழ்வீட்டுத் தாத்தா. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் காலாட்படையில் இருந்தவர். பள்ளிவிட்டு வந்தால் அம்மா வரும்வரை அவர் வீட்டில்தான் இருப்பேன். 1945-இல் வந்த மால்டினின் புத்தகம் ஒன்று, முதுகு பிய்ந்து டேப் ஒட்டி, அவரிடம் இருந்தது.

அதில் ஒரு படம். சக்கரம் மடங்கிக் கிடக்கும் ஜீப்பின் முன்னால் ஒரு வயதான சார்ஜென்ட் நிற்கிறார். ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, மறு கையால் ஜீப்பின் மேல் துப்பாக்கியை நீட்டுகிறார். எட்டு வயதில் எனக்கு என்ன புரியும்? "குதிரைப்படைக்காரர் அவர். குதிரைக்குக் கால் ஒடிந்தால் துடிக்க விடாமல் சுட்டுவிடுவார்கள். இப்போது அவருக்குக் குதிரைக்குப் பதில் ஜீப்" என்றார் தாத்தா. அப்புறம் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

வில்லி, ஜோ என்ற இரண்டு சிப்பாய்களைத்தான் மால்டின் திரும்பத் திரும்ப வரைந்தார். பல நாள் தாடி, தொங்கிய தோள், பூட்ஸ் எது சேறு எது என்று தெரியாதபடி கறுப்பு மையில் அடர்த்தியான தூரிகைக் கோடுகள். ஒரு படத்தில் பதக்கம் கொடுக்க வரும் மருத்துவ உதவியாளரிடம் வில்லி ஆஸ்பிரின் மட்டும் போதும் என்கிறான். காயம்பட்டவர்களுக்குத் தரும் அந்தப் பதக்கம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதை வரைந்தவரும் 45-ஆவது காலாட்படைப் பிரிவோடு சிசிலிக்கும் இத்தாலிக்கும் போனவர்தான். 1943 கடைசியில் மோர்ட்டார் குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கியபோது வயது 23.

சிப்பாய்களை இப்படி அழுக்காக வரைவது ஒழுங்கைக் கெடுக்கிறது என்று அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் பேட்டனுக்குக் கடும் கோபம். 1945-இல் நேரில் வரவழைத்துக் கண்டித்தார். மால்டின் தன் ஆட்களுக்குச் சவரம் செய்துவிடவில்லை. ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியான ஐசன்ஹோவரின் தலைமையகமும் மால்டின் பக்கம்தான் நின்றது.

பேட்டனுக்கு 1953-லேயே 3 சென்ட் அஞ்சல்தலை வந்துவிட்டது. மால்டினுக்கு 44 சென்ட் அஞ்சல்தலை வந்தது 2010-இல். அதற்குள் அவர் இறந்து ஏழு வருடம். கடைசிக் காலத்தில் அல்சைமர் நோயோடு காப்பகத்தில் இருந்தபோது, பழைய சிப்பாய்களிடமிருந்து அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பலர் நேரிலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்வீட்டுத் தாத்தா அதற்கெல்லாம் முன்பே காலமாகிவிட்டார். அந்த அஞ்சல்தலையை வாங்கியபோது அவர் கையில் கொடுக்க முடியவில்லையே என்றுதான் இருந்தது.

மால்டினைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். ஜீப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டால் நல்லது. சின்னதாகப் போட்டால் அந்த சார்ஜென்ட் கண்ணை மூடியிருப்பது தெரியாது.

அன்புடன்,
நெடுநாள் வாசகி, திருச்சி