பார்சலில் வந்த கிட்டார்

தக்கலை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய கிட்டார் பத்திரமாக வந்து சேர்ந்தது. கோட்டாற்றிலிருந்து பார்சல் ஆபீஸ்காரர்கள் போன் செய்தபோது, நாங்கள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதால், வேறு யாருக்கோ வந்ததாக இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எடவப்பாதி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஏற்றினால் இடிபடும் என்று தக்கலை வரைக்கும் ஆட்டோ பிடித்து, பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே ஒரு சீட்டாவது இருக்கும் என்று அம்மா துணியையெல்லாம் உதறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை. வீடு மாறுகிறாயாக இருக்கலாம், அல்லது அங்கே வைக்க இடம் போதாமல் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அது உன் பொருள்தான்.

பெட்டிக்குள், கிட்டாரின் கழுத்துக்குக் கீழே இருக்கும் சிறு அறையில், உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு நிறக் கருவி ஒன்று இருந்தது. அதன் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறாய். அது கசிந்து, முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. டார்ச் ஆனாலும் டிரான்சிஸ்டர் ஆனாலும், பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ரேடியோ மெக்கானிக் மகன் பேட்டரி கசிய விடலாமா? எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் போட்டு ஆற வைத்தேன். முனைகள் அரிபடவில்லை. புதுப் பேட்டரி போட்டதும் சிறு விளக்கு எரிந்தது. கருவிக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

கிட்டாரின் கம்பிகள்தான் துருப்பிடித்துவிட்டன. நீ அதைத் தொட்டு மாதங்கள் ஆகியிருக்கும் என்பது கம்பியில் விரல் வைத்தவுடனே தெரிந்தது. நாகர்கோவிலில் புதுக் கம்பி வாங்கி மாட்டியிருக்கிறேன்.

கருவி என்னவென்று எனக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. கடையில் இப்போது கூட இருக்கும் பையன் தன் போனில் தேடிக் காட்டினான். அதற்கு ஈபோ என்று பெயராம். மின்சார வில் என்று பொருள். அமெரிக்கரான கிரெக் ஹீட் என்பவர் 1969இல் இதை உருவாக்கி, 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறார். காப்புரிமை 1978இல் கிடைத்திருக்கிறது. நான் வேலை பழகுவதற்கு முன்பே இருந்த ஒரு கருவியை இந்த வயதில்தான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். மூடியைக் கழற்றவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பொருளைத் திறக்க மாட்டேன். ஆனால் அது செய்கிற வேலையைப் பார்த்தே உள்ளே இருப்பதை ஊகித்துவிட்டேன்.

அதில் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்று கம்பியின் அசைவைக் கேட்கிறது. நடுவில் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி மற்ற காயிலுக்குக் கொடுக்கிறது. அந்தக் காயில் காந்த விசையால் கம்பியைத் திரும்பவும் அசைக்கிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவது போல, கம்பி எப்போது எந்தப் பக்கம் போகிறதோ அப்போது அந்தப் பக்கமே தள்ளுகிறது. ஐந்தாவது கம்பி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் இதுவும் 110 முறை தள்ளும். விரல் வைத்துச் சுருதியை மாற்றினால் அதுவும் உடனே மாறிக்கொள்ளும். ஆகவே பேட்டரி இருக்கும் வரை ஓசை அடங்காது.

கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் போடும்போது, ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக மைக் திரும்பிவிட்டால் ஊளையிடுமே, அதே தத்துவம்தான் இது. பெட்டியில் வந்த சத்தம் மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடியும் பெட்டியில் வருகிறது. அந்த ஊளையை அடக்குவதற்காகவே நாற்பது வருடம் மைக்கை நகர்த்தியும் பெட்டியைத் திருப்பியும் பிழைத்தவன் நான். அதையே ஒரு கம்பிக்குள் கட்டிவைத்து, அந்தக் கம்பிக்கு உரிய சுருதியில் மட்டும் பேச வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைக் கண்டுபிடித்த அந்த மனிதரை நினைத்து அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

பயன்படுத்தும் முறையை நீ எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். நீ இல்லாததால் தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். கருவியின் அடியில் இருக்கும் இரண்டு பள்ளங்கள் பக்கத்துக் கம்பிகள் இரண்டின் மேல் உட்கார வேண்டும், நடுவில் இருக்கும் கம்பி மட்டும் எதையும் தொடாமல் அசைய வேண்டும் என்பது எனக்குப் பிடிபட ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. நான்காவது கம்பியை ஒலிக்கச் செய்ய வேண்டுமானால் ஐந்தாவதின் மேலும் மூன்றாவதின் மேலும் வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. நான் முதலில் சால்டரிங் அயர்ன் பிடிப்பது போல அழுத்திப் பிடித்தேன், கம்பி கடகடவென்று இடித்தது. கையின் கனத்தை விட்டுவிட்டு, கருவி தானாக நிற்கும்படி வைத்தபோதுதான் ஓசை எழும்பியது. தடித்த கம்பிகள் எழும்ப நேரம் பிடிக்கிறது, விரலால் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் ஒரு பக்கம்தான் துணைக் கம்பி இருப்பதால், மறுபக்கத்தைக் கையால் தாங்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

கம்பிகளுக்கு அடியில் ஓசையை வாங்கும் பிக்கப்புக்கு அருகே கொண்டுபோனால் ஓசை பெருகுகிறது, விலக்கினால் தணிகிறது. வால்யூம் குமிழைத் தொடாமலே வயலின்காரர் வில்லை அழுத்தியும் தளர்த்தியும் வாசிப்பது போல ஏற்றி இறக்கலாம். சரியாகப் பிக்கப்பின் மேலேயே வைத்தால் ஓசை சிதறுகிறது, ஆகவே ஒரு விரற்கடை தள்ளி வைப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. சுவிட்சை நடுவில் நிறுத்தினால் அணைகிறது. ஒரு பக்கம் தள்ளினால் கம்பியின் சொந்தச் சுருதி வருகிறது, மறுபக்கம் தள்ளினால் அதே கம்பி தன் சுருதியை விட்டு மேலே எழும்பிப் புல்லாங்குழல் போலப் பாடுகிறது. அந்தப் பக்கம் தள்ளும்போது காயிலின் திசை மாறும் என்று நினைக்கிறேன். நீ வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வேன். கோயில் பஜனைக் குழுவின் நைலான் கம்பிக் கிட்டாரிலும் வைத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. காந்தத்துக்கு இரும்பு வேண்டும் அல்லவா.

உன் தாத்தாவின் வில்லுப்பாட்டு வில் இன்னும் மச்சில்தான் இருக்கிறது. மணிகள் மூன்று உதிர்ந்துவிட்டன. கொடைக்குக் கொடை அவர் தோளில் சுமந்து போன வில் அது. வீசுகோலால் ஓங்கித் தட்டினால் மணியெல்லாம் குலுங்கி ஒரு ஓசை வரும், வந்த வேகத்தில் அடங்கிவிடும், அடுத்த அடி விழ வேண்டும். கை ஓயக்கூடாது, ஓய்ந்தால் கதை நின்றுவிடும் என்று அவர் சொல்லுவார். சுசீந்திரம் அலங்கார மண்டபத்து இசைத்தூணையும் அப்படித்தான் தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். இந்த வில்லோ தட்டாமலே பாடுகிறது. தாத்தா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்குப் பிடித்திருக்காது, ஆனால் பேரன் வாசித்தால் பிடித்திருக்கும் என்றாள். முத்தாரம்மன் கோயில் கொடையில் நீ கிட்டார் எடுத்துக்கொண்டு வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. அண்ணாவி பாட்டை நிறுத்தி உன்னைத் திரும்பிப் பார்த்தார். மைக் செட் பெட்டிக்குப் பின்னால் நின்றதால் என் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது.

அம்மாவுக்கு நான்காவது கம்பியைச் சுருதி மாதிரி விட்டுக் கொடுக்கிறேன். அதன் மேல் அவள் விளக்கு வைக்கும் நேரத்தில் முணுமுணுத்துப் பாடுகிறாள். நேற்றுப் பாதியில் நிறுத்திவிட்டு, அவன் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். சாப்பிடுகிறான் என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

மக்களே, ஆறு வாரமாகப் போன் இல்லை. வேலைப்பளு என்று எடுத்துக்கொள்கிறோம். சித்தி வீட்டுக்கும் நீ போகவில்லை என்று தெரிந்தது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, அவளே சொன்னாள். ஒருவன் தனக்குப் பிரியமான பொருளை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் நம் வீட்டில் எல்லோருக்கும் எது நினைவுக்கு வரும் என்பது உனக்கே தெரியும். பெரியப்பாவின் சைக்கிள் இன்னமும் நம் பின்கட்டில்தான் நிற்கிறது. அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. கருவியை வாசித்து முடித்ததும் சுவிட்சை நடுவில் வை, பேட்டரியைக் கழற்றி வை, மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் சேராமல் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, பேட்டரியைக் கழற்றி வை.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றைச் சொல்வதற்காக. நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், பொங்கல் கழிந்து, உன் சிறிய ஆம்ப்ளிஃபயர் பேசவில்லை என்று கடைக்குக் கொண்டுவந்தாய். உள்ளே இருக்கும் ஐசி சிப் எரிந்துவிட்டது, அந்த ஐசி இனிக் கிடைக்காது, இது இனிச் சரியாகாது என்று நான் சொன்னேன். ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட்டார் வயரைச் செருகும் ஜாக்கின் அடியில் ஒரு முனை ஈயப் பிடிப்பு விட்டு டிரை சால்டர் ஆகியிருந்தது. சூடு காட்டி ஒரு சொட்டு ஈயம் வைத்தால் முடிகிற இரண்டு நிமிட வேலை. நீ வீட்டுக்குப் போனதும் அதைச் செய்தும் பார்த்தேன், பேசியது. பரீட்சை முடியட்டும் என்று பழைய டெக்குகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பரீட்சை முடிந்த பிறகு, இவ்வளவு நாள் பொய் சொன்னதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அப்பா சரியாகாது என்று சொன்னால் சரியாகாது என்று நம்பிவிட்டாய். ஆடி மாதம் ஒரு மைக் செட்காரரிடம் அதை 600 ரூபாய்க்குக் கொடுத்தேன். நீ கல்லூரிக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை அந்தப் பணத்தில் எடுத்ததுதான்.

அந்த வருடத்துக்குப் பிறகு நீ எதையும் என் கடைக்குப் பழுது பார்க்கக் கொண்டுவந்ததில்லை. வெளியூரில் இருக்கிறவன் எப்படிக் கொண்டுவர முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கருவியை மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், இத்தனை வருடத்துக்குப் பிறகு உன் பொருள் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது என்று உறைத்தது. எந்த எண்ணத்தில் நீ அனுப்பியிருந்தாலும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நான் செய்தது பெரிய பிழை. உன் நன்மைக்கென்று செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நீ என்னைவிட்டு வேறொன்றின் பின்னால் போகிறாய் என்ற பயத்தில்தான் செய்தேன்.

உன் கிட்டாரைப் பார்சலில் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவிலிலிருந்து எனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். சுருதி சேர்த்து, கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியே காகிதத்தில் சுற்றி, நானே கொண்டுவருகிறேன். கடையிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரும் எடுத்து வருவேன், நானே சேர்த்தது, சிறியது. அம்மா மட்டிப்பழமும் நேந்திரம் வற்றலும் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும் என்பதால் நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டும். தாம்பரத்தில் இறங்க வேண்டுமா, எழும்பூர் வரை வர வேண்டுமா என்பதை மட்டும் போன் செய்து சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன், நடுராத்திரி ஆனாலும் சரி.

அன்புடன்,
அப்பா