கற்கண்டு வளர்ப்பது பற்றி வசந்தாவுக்கு

பாளையங்கோட்டை
27 டிசம்பர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். சின்னவளுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் கிடைத்துவிட்டதால் வாரக் கடைசியில் வீடு கலகலப்பாக இருக்கிறது. மற்றச் செய்திகளை நீ பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். உன் பேரன் கேட்டது மிக நல்ல கேள்வி என்பதால் இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்கு வந்தவன் கற்கண்டு செய்ய ஆசைப்பட்டு, கொதிக்கிற சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டு, ஜன்னல் ஓரத்தில் வைத்து, அடிக்கடி தூக்கிப் பார்த்திருக்கிறான். மறுநாள் காலையில் நூல் வெறுமையாகத் தொங்க, புட்டியின் அடியில் பொடிச்சீனி கெட்டிப்பட்டுக் கிடந்தது என்றும், "சீனி போதவில்லையா ஆச்சி?" என்று அவன் கேட்டான் என்றும் எழுதியிருந்தாய். சீனி போதாமல் இல்லை என்று அவனிடம் சொல். அடியில் படிந்த அவ்வளவும் கற்கண்டாக வேண்டிய சீனிதான். அது சில இடங்களில் சேர்ந்து வளர்வதை விட்டு, ஒரே இரவில் எண்ண முடியாத இடங்களில் தொடங்கிவிட்டது. படிகம் எங்கே தொடங்க வேண்டும், எத்தனை இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைச் சீனியின் போக்கில் விடாமல் நாம் முடிவு செய்வதில்தான் கற்கண்டு வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இருபது டிகிரி வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சீனியைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஐம்பது டிகிரியில் 260 கிராம் வரை போகும். கொதிநிலையை நெருங்கும்போது 480 கிராமுக்கும் மேல் கரையும். சூட்டில் நிறையக் கரைத்துவிட்டு ஆறவிட்டால், அந்தக் குளிர்ச்சியில் தாங்க முடியாத அளவு சீனி தண்ணீருக்குள் சிக்கி நிற்கிறது. நாங்கள் வகுப்பில் அதிதெவிட்டிய கரைசல் என்று நடத்தியது இதைத்தான். மிகுதியாக நிற்கும் அந்தச் சீனி வெளியேற ஓர் இடம் தேடிக்கொண்டே இருக்கும். தூசி, பாத்திரத்தின் கீறல், கரையாமல் விளிம்பில் ஒட்டிய ஒரு சீனிமணி, நாம் கொடுக்கும் ஓர் அசைவு, இவற்றில் எது முதலில் கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கிவிடும்.

உன் பேரனின் புட்டியில் நடந்தது இனி உனக்கே விளங்கும். கொதிக்கும் பாகு இன்னும் தெவிட்டாத நிலையில், அதாவது மேலும் சீனியைக் கரைத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்ததால், நூலில் ஒட்டியிருந்த சீனிமணிகளை அது கரைத்துக்கொண்டது. பிறகு உங்கள் குன்னூர்க் குளிரில் ஜன்னல் ஓரத்தில் மளமளவென்று ஆறி, அசைவும் சேர்ந்தவுடன், படிகம் தொடங்குவதற்கு விதையாக நூலில் ஒரு சீனிமணியும் இல்லாததால் கண்ட இடமெல்லாம் படிகமாகிவிட்டது.

ஆகவே இந்த முறை இப்படிச் செய்யுங்கள். வெள்ளைப் பருத்தி நூலையோ, கழுவிக் காயவைத்த தென்னை ஈர்க்கையோ பாகில் நனைத்து, சீனியில் புரட்டி, ஒரு நாள் முழுவதும் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருந்தால் ஒட்டிய மணிகள் பாகுக்குள் உதிர்ந்து, அடியில் போய் அங்கே வளரும். மறுநாள் 250 கிராம் தண்ணீருக்கு 650 கிராம் வெள்ளைச் சீனி எடுத்து, இளந்தீயில் கிளறிக் கரையுங்கள். ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைந்து பாகு தெளிந்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கம்பிப் பதம் பார்க்கக் கூடாது. பதம் முற்றினால் தண்ணீர் குறைந்து, மறுபடியும் பொடிச்சீனியில்தான் போய் முடியும். வெந்நீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில், அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாகை ஊற்றி மூடிவைத்து, புட்டியைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள். இந்த அளவில் கரைத்த பாகு ஐம்பது டிகிரிக்கு அருகில்தான் தெவிட்டுகிறது. அதற்குக் கீழே இறங்கிய பிறகு நூலை விட்டால் விதை கரையாது. நூல் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நடுவில் தொங்கும்படி ஒரு குச்சியில் கட்டி, வாயை மெல்லிய துணியால் மூடி, பழைய கம்பளித் துண்டு ஒன்றைப் புட்டியைச் சுற்றிக் கட்டிவிடு. எங்கள் ஊரில் துண்டு தேவைப்படாது. உன் வீட்டில் அதுதான் முக்கியம், ஏனென்றால் மெதுவாக ஆறினால்தான் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து பருமனில் கூடும்.

பிறகு புட்டியைத் தொடவே கூடாது. ஓரிரு நாளில் நூலில் பளிச்சென்று மூலைகள் தெரியும். ஒரு வாரத்தில் நல்ல கட்டிகள் வளர்ந்திருக்கும். மேற்பரப்பில் ஆடைபோல் படியும் சீனியை மட்டும் சுத்தமான கரண்டியால் மெல்ல எடுத்துவிடலாம், இல்லையென்றால் நூலுக்குச் சேர வேண்டியதை அது வாங்கிக்கொள்ளும். வெளியே எடுத்ததும் பாகு வடிந்தபின் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நொடி நனைத்து உலர்த்தினால் பிசுபிசுப்பு இருக்காது. கரைத்த சீனி முழுவதும் கட்டியாகும் என்று அவன் எதிர்பார்க்க வேண்டாம். இருபது டிகிரியில் அந்தத் தண்ணீரே ஏறத்தாழ 500 கிராமைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், மீதிதான் கற்கண்டு. எஞ்சிய பாகைப் பாயசத்துக்கோ அடுத்த முறைக்கோ எடுத்துவைத்துக்கொள்.

வண்ணப்பொடி சேர்க்க வேண்டாம் என்பது என் விருப்பம். நிறமற்ற கட்டியில்தான் முகங்களும் விளிம்புகளும் தெளிவாகத் தெரியும். அவன் பார்த்து வியக்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டலாம். இதே பாகில் பாதியை எடுத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, வேறொரு புட்டியில் பக்கத்திலேயே வையுங்கள். அமிலமும் சூடும் சேர்ந்து சீனியில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடும். அவை இடையில் புகுந்து படிகம் அடுக்காய்ச் சேர்வதைத் தடுக்கும். குலாப் ஜாமூன் பாகு உறையாமலிருக்க நாம் எலுமிச்சை பிழிவதன் காரணமும், நாட்டுச் சர்க்கரையில் தெளிந்த கற்கண்டு எளிதில் வளராததன் காரணமும் அவனுக்கு அப்போது புரியும்.

பனங்கற்கண்டை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உடன்குடிப் பக்கத்தில் பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவாவிட்டால் இறங்குவது கள். ஈஸ்ட் சாற்றிலுள்ள சீனியை உடைத்துப் புளிக்கவைத்துவிடும். சுண்ணாம்பு அதைத் தடுப்பதால்தான் பதநீர் இனிக்கிறது, சீனியும் உடையாமல் முழுதாக நிற்கிறது. வேதியியல் பாடம் படிக்காத பனையேறிகள் எத்தனையோ தலைமுறைகளாகக் கற்கண்டுக்கு வேண்டிய முதல் நிபந்தனையை மரத்தின் உச்சியிலேயே நிறைவேற்றி வந்திருக்கிறார்கள். மிகுந்த சுண்ணாம்பை நீக்கிக் காய்ச்சிய பாகை, நூல் கட்டிய பாத்திரங்களில் ஊற்றி, ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் வைத்திருப்பார்கள். கருப்பட்டியையோ அன்றன்றைக்கே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிவிடலாம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் மரம் ஏறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது. வெள்ளைச் சீனிக் கற்கண்டுக்கு நிறமேற்றிப் பனங்கற்கண்டு என்று விற்பவர்கள் அந்த உழைப்பின் விலையையும் தட்டிப் பறிக்கிறார்கள்.

அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தால் கெடுதல் இல்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள்தான். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதே. நீயும் பேரனும் வேண்டுமானால் உங்கள் ஊர்த் தேயிலையோடு சேர்த்துக் குடியுங்கள். ஜெர்மனியின் வடமேற்கில் கிழக்கு ஃப்ரீசியா என்ற பகுதியில் முதலில் கோப்பையில் கற்கண்டுக் கட்டியை இட்டு, அதன்மேல் சூடான தேநீரை ஊற்றி, கட்டி படபடவென்று விரிசல் விடும் ஓசையைக் கேட்டபின்தான் பாலேடு சேர்ப்பார்களாம். அவனுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரவில் உன் சமையலறை எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்று ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதச் சொல். பத்து டிகிரிக்கு அருகில் போனால் சீனியை 600 கிராமாகக் குறைப்பது நல்லது. அந்த அளவுக்குப் பாகு இன்னும் சற்று ஆறிய பிறகே நூலை விட வேண்டும்.

அன்புடன்,
கோமதி