சங்கரனுக்கு, வண்டி வாங்கும் முன்

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே ஒர்க்‌ஷாப்பை மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்டால் மட்டும் வாயைத் திறக்கிறேன். கேட்காமலும் திறக்கிறேன் என்று அவன் சொல்வான்.

வீட்டில் எல்லாரும் உயரமாக நிற்கிற எஸ்யூவி என்கிறார்கள், உனக்குத் தாழ்வாக, பின்னால் தனி டிக்கியோடு இருக்கிற செடான் மேல்தான் ஆசை, ஊருக்கே ஏன் இந்தப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் பைத்தியம். மீதி முழங்கால்.

அம்பாசடரை நினைத்துப் பார். கதவைத் திறந்தால் சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும். வேட்டி கட்டியவர் அப்படியே திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் சியலோ, ஆஸ்ட்ரா, சிட்டி என்று தாழ்வான வண்டிகளாக வந்தன. நமக்கு அப்போது முப்பதுகளில் வயது; குனிந்து நுழைந்து காலை நீட்டி உட்காருவதே ஒரு கெத்தாக இருந்தது. இப்போது போய் அப்படி உட்கார்ந்து பார். போன வாரம் ஒரு ஆச்சி செடானிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். ஒரு கை கதவில், ஒரு கை முன்சீட்டின் உச்சியில். எழுந்திருக்கப் பார்க்கிறார், சீட் விடமாட்டேன் என்கிறது. கடைசியில் பேரன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டான். அதே ஆச்சியை வென்யூ, பிரெஸ்ஸா மாதிரி ஒரு சின்ன எஸ்யூவியில் ஏற்றினால், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நின்ற வாக்கில் சறுக்கி உட்கார்ந்துவிடலாம். அம்பாசடர் சீட்டைத்தான் வேறு பெயரில் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி. ரொம்ப உயரமும் ஆகாது. பொலிரோவில் ஏற ஆச்சிக்குப் படி வேண்டும்.

ஆனால் ஜங்ஷன் டாக்சி ஸ்டாண்டைப் பார், வரிசையாகச் செடான்தான். டிசயர், ஆரா, இன்னும் ஓடுகிற பழைய எட்டியோஸ். ஓட்டிப் பிழைக்கிறவன் கணக்கே வேறு. ரயிலைவிட்டு இறங்கும் குடும்பம் பெட்டி படுக்கையோடுதான் வரும். தனி டிக்கி இல்லாமல் பின்கதவோடு முடிகிற ஹேட்ச்பேக்கில் அடுக்கினால் பின்கண்ணாடி மறையும், அழுத்திப் பிரேக் பிடித்தால் மேலே இருக்கிற பெட்டி பின்சீட்டுக்காரர் தலைக்கு வரும். தனி டிக்கி என்றால் பூட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கலாம். தூத்துக்குடியிலிருந்து கருவாடு ஏற்றி வந்தாலும் அடுத்த சவாரிக்காரர் அவ்வளவாக முகம் சுளிக்கமாட்டார். ஹேட்ச்பேக்கான ஸ்விஃப்டில் சாமான் இடம் 265 லிட்டர், எட்டியோஸ் டிக்கி 595. அந்த வண்டியை 2020-இல் நிறுத்தியதற்கு டிரைவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். இப்போது சிஎன்ஜி கேஸ் சிலிண்டர் வேறு டிக்கியில் பாதியைச் சாப்பிட்டுவிடுகிறது. அதனால் கூரையில் கேரியர் போட்டுக்கொள்கிறார்கள். கோயில் சுற்றுலாவுக்கு இன்னோவா, அதில் விவாதமே கிடையாது.

இதில் நம் விருப்பம் பாதி, அரசாங்கத்தின் அளவுகோல் பாதி. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலென்றால் 1,200 சிசி, டீசலென்றால் 1,500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 என்று குறைத்தார்கள். அதற்குப் பிறகு வண்டி வரைகிறவர்கள் கையில் ஸ்கேலோடுதான் உட்கார்ந்தார்கள். 2008-இல் வந்த முதல் டிசயர் 4 மீட்டருக்கு மேல். 2012-இல் வாலை நறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முதுகைப் பக்கவாட்டில் நின்று பார், நறுக்கியது தெரியும். நீளத்துக்குக் கடிவாளம் போட்டார்களே தவிர, அந்தச் சலுகைக்கு உயரத்தை அளக்கவில்லை. 2013-இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டின் ஈகோஸ்போர்ட் என்ற சின்ன எஸ்யூவி வந்தபோது அதே 4 மீட்டருக்குள் நெஞ்சு நிமிர்த்திய வண்டி கிடைத்தது. ஒரே நீளத்துக்கு மொட்டை வால் செடானா, கம்பீரமாக நிற்கிற வண்டியா என்றால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்? 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோதும் அதே கோடுதான்: உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40.

எஸ்யூவி என்ற பெயரைப் பார்த்து மலை ஏறிவிடாதே. இந்தச் சின்ன ரகத்தில் பெரும்பாலும் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பலேனோ ஹேட்ச்பேக்கைக் கொஞ்சம் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியதுதான் ஃப்ராங்க்ஸ். நம் தெரு வேகத்தடைக்கும் ஐப்பசி மழைத் தண்ணீருக்கும் அந்தக் கொஞ்ச உயரம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் வளைவில் சாயும், நாற்கர சாலையில் காற்று தள்ளும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பானெட் உயரமாக இருந்தால் முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. உன் பேரன் வாசலில் விளையாடுகிறவன், கவனம்.

என்னைக் கேட்டால், செடானின் கூரையைக் கடைசிவரை நீட்டிய எஸ்டேட் வண்டிதான். இண்டிகோ மரினா நினைவிருக்கிறதா? செடான் ஓட்டம், பின்னால் கட்டிலே போடலாம். ஐரோப்பாவில் பிள்ளைகுட்டிக்காரன் எத்தனையோ பேர் அதில்தான் போகிறான். இங்கே ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ தனியாகத் திருச்சிக்கும் சென்னைக்கும் ஓட்டுகிறவனாக இருந்தால் செடானே வாங்கு என்பேன், ஓட்ட அதுதான் சுகம். ஆனால் மாதாமாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறாய். ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துப் போ. முதலில் பின்சீட்டில் அவர் உட்கார்ந்து இறங்கட்டும்; நீ ஓட்டிப் பார்ப்பது அப்புறம். டிக்கியில் வாக்கரை மடித்து வைத்துப் பார். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதே, விலைப் பட்டியலை எனக்கு அனுப்பு. அதில் எதையெல்லாம் தலையில் கட்டுகிறார்கள் என்று மகன் பார்த்துச் சொல்வான்.

ஆனித் தேருக்கு வருவதாகச் சொன்னாய். எந்த வண்டியானாலும் சரி, முதல் சர்வீஸ் இங்கே என்று நினைக்காதே. வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடு. எண்ணெய் மாற்றுகிற சாக்கில்லாமலும் நண்பன் வீட்டுக்கு வரலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
மாடசாமி
பாளையங்கோட்டை