அட்டை கிழிந்த கமாண்டோக்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி வந்த கட்டுரை அருமை. ஆனால் ஆங்கில பாக்கெட் நாவல்களை, அதிலும் கமாண்டோ கதைகளை, ஒரே வரியில் 'குப்பை' என்று ஓரம் கட்டிவிட்டார் கட்டுரையாளர். அந்தக் குப்பையில் ஒன்றை 20 ரூபாய்க்கு வாங்கி வந்து இரண்டே ராத்திரியில் முடித்த கையோடு கட்டுரையைப் படித்தேனா, கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

வாங்கியது சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில். முன் அட்டை கிடையாது. முதுகில் பசை காய்ந்துபோய், பக்கத்தைப் புரட்டினால் கையோடு வருகிறது. 'ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ்' வரிசையில் ஒன்று. எழுதியவர் கார் வில்சன் என்று போட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கார் வில்சன் என்று ஒரு மனிதரே கிடையாது. பதிப்பகம் வைத்துக்கொண்ட பொதுப் பெயர் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் பல பேர் உட்கார்ந்து எழுதினார்கள். பாதிக்கு மேல் எழுதியவர் வில்லியம் ஃபீல்ட்ஹவுஸ். 1982-இல் தொடங்கிய வரிசை ஐம்பது புத்தகங்களைத் தாண்டி ஓடியது.

இதன் தாய்வீடு மாக் போலன் கதைகள். மாஃபியாவை ஒற்றை ஆளாக வேட்டையாடும் அந்தப் பழைய சிப்பாயை 1969-இல் உருவாக்கியவர் டான் பெண்டில்டன். பிறகு உரிமை கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் 'கோல்ட் ஈகிள்' என்று தனி முத்திரை தொடங்கி, போலனின் கூட்டாளிகளுக்கும் தனித்தனி வரிசை போட்டார்கள். அதில் ஒன்றுதான் ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ். இதே ஹார்லெக்வின்தான் 1971-இல் காதல் நாவல்கள் போடும் மில்ஸ் அண்ட் பூனையும் வாங்கியது! என் அக்கா வாடகை நூலகத்திலிருந்து மில்ஸ் அண்ட் பூன் எடுத்து வந்து, பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படிப்பாள். நான் துப்பாக்கிப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டு அவளைக் கேலி செய்வேன். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்த சோறு என்று அப்போது தெரியாது. போன வாரம் போனில் சொன்னேன். "அப்போ என்னமா பேசினே!" என்று சிரித்தாள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஐந்து பேர் கொண்ட குழு. அமெரிக்க அதிபருக்காக வேலை செய்கிறார்கள், ஆனால் முதலில் சேர்ந்த ஐவரில் அமெரிக்காவில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் யாகோவ் காட்ஸனெலன்போகன், இஸ்ரேல்காரர். குழுவில் இருப்பவர்களே அந்தப் பெயரோடு மல்லுக்கட்டாமல் 'காட்ஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். நடுத்தர வயது தாண்டியவர், லேசாகத் தொப்பை. 1967 அரபு-இஸ்ரேல் போரில் வலது கையை இழந்தார், அதே போரில் மகனையும் இழந்தார். இப்போது செயற்கைக் கை. அதன் சுட்டுவிரலுக்குள் ஒரு சின்ன துப்பாக்கி, அதில் ஒரே ஒரு தோட்டா. ஒன்றுதான் என்பதால், எப்போது விரலை நீட்டப்போகிறார் என்று நாம் காத்துக்கொண்டே இருக்கிறோம்.

டேவிட் மெக்கார்ட்டர் பிரிட்டன்காரர், முன்கோபி. சண்டை இல்லாவிட்டால் கை அரிக்கும். டீ தேசத்தில் பிறந்துவிட்டு எங்கே போனாலும் கோக கோலா கேட்பார். கனடாவின் கேரி மானிங் வெடிமருந்து ஆள். ரஃபேல் என்சிஸோ கியூபாவில் பிறந்தவர், காஸ்ட்ரோவின் சிறையைப் பார்த்தவர். ஐந்தாவது ஆள் ஜப்பானின் கெய்யோ ஒஹாரா. அவரைத் தொடரிலேயே சாகடித்துவிட்டார்கள். நான் வாங்கியதில் அவர் இடத்தில் சிகாகோக்காரர் கால்வின் ஜேம்ஸ் இருக்கிறார். சுடுவதோடு காயத்துக்கு மருந்து போடுவதும் அவர் வேலை.

நான் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இந்தக் கதைகளில் என்னைப் பிடித்து உட்காரவைப்பது சுடுவது இல்லை, வேலை பிரிப்பது. இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நாட்களில் எங்கள் செட்டும் ஐந்து பேர்தான். ஒருவன் வெல்டிங், ஒருவன் கனமான பாகங்களைத் தூக்கும் செயின் பிளாக், ஒருவன் பாகங்களை நேராகப் பொருத்தும் அலைன்மென்ட். ஒருத்தன் வேலையில் இன்னொருத்தன் மூக்கை நுழைத்தால் தொலைந்தது. எங்கள் ஃபோர்மேனுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. நட்டு கழன்று உருண்டால், குனியாமலே காலால் அமுக்கி நிறுத்தி, யார் எடுக்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்வார். காட்ஸ் வரும் பக்கங்களில் எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது காட்ஸும் குரலை உயர்த்துவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வில்லன்கள் அட்டைப் பொம்மைகள். பனிப்போர்க் காலத்துச் சரக்கு, அதனால் ரஷ்ய உளவாளி என்றால் கெட்டவன், அரபு நாட்டுக்காரன் என்றால் சந்தேகம்தான். பெண்கள் வந்த வேகத்தில் காணாமல் போகிறார்கள். துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல், 9 மி.மீ. என்று ஜாதகம் வாசிக்கிறார்கள். அந்த இடங்களில் நான் நாலைந்து வரி தாண்டிவிடுவேன், ஒன்றும் குடி முழுகாது.

அட்டையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதாத ஒன்று உண்டு. அமெரிக்காவில் விற்காத பாக்கெட் நாவலை முழுசாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். செலவு கட்டாது. கடைக்காரர் முன் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் பணம் வரவாகிவிடும், மீதியைக் கூழாக்கிவிட வேண்டும். அட்டையில்லாத பிரதியை வாங்காதீர்கள், அது கணக்கில் அழிக்கப்பட்டது என்று சில புத்தகங்களின் உள்ளேயே அச்சடித்திருப்பார்கள். என் பிரதி அப்படித் தப்பித்து வந்ததா, அல்லது நம் ஊர் மழையில் அட்டை நைந்து போனதா, யார் கண்டது?

அதே வரிசையில் வேறு வந்தால் எடுத்துவைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். "அட்டை இருந்தா அஞ்சு ரூபா கூட ஆகும் சார்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
திருச்சி.