மூன்று பக்கக் கடிகாரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. நான் இன்னும் ஸ்காட்லாந்தில், இன்வெர்னஸில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் வடக்கே போகும் ரயிலில் கல்ரெய்ன் வரை போனோம். ஸ்டேஷனில் இறங்கி நிமிர்ந்தால் மரங்களுக்கு மேலே கார்பிஸ்டேல் கோட்டை. அதன் கோபுரத்தில் மூன்று பக்கம்தான் கடிகாரம் இருக்கிறது, பக்கத்து மாவட்டமான சதர்லாந்தைப் பார்த்த நாலாவது பக்கம் வெறும் சுவர். காலமெல்லாம் பத்திரம் எழுதினவன் நீ, இதற்குப் பின்னால் இருக்கும் உயில் கதையை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

அந்தச் சதர்லாந்தின் பெரிய பிரபு, மூன்றாம் சதர்லாந்து டியூக்குக்கு 13 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம். அன்றைய பிரிட்டனில் அவ்வளவு நிலம் வைத்திருந்த தனியார் வேறு யாரும் இல்லை. 1888 நவம்பரில் மனைவி இறந்தார், 1889 மார்ச்சிலேயே மேரி பிளேர் என்ற விதவையைப் புளோரிடாவில் கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. 1892-ல் டியூக் இறந்தபோது, தன்னால் கொடுக்க முடிந்ததையெல்லாம் மேரிக்கு எழுதி வைத்திருந்தார். 'முடிந்ததை' என்பதைக் கவனி. பரம்பரை நிலத்தில் அவருக்கு இருந்தது, நீ செட்டில்மெண்ட் பத்திரத்தில் எழுதுவாயே 'ஆயுள் பரியந்தம்' என்று, அந்த மாதிரி அனுபவ உரிமைதான். கண்ணை மூடியதும் நிலமும் பட்டமும் மகனுக்கு. அந்தக் கட்டுக்குள் வராத சொத்தை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். முதல் மனைவி வழியாக வந்த குரோமார்ட்டி பிரபுப் பட்டம்கூட இளைய மகனுக்கென்று 1861-லேயே முடிவானது.

டியூக் பட்டத்துக்கு வந்த மகன் உயிலை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே மேரி ஒரு காகிதத்தை நெருப்பில் போட்டுவிட, 1893-ல் ஆறு வாரம் ஹாலோவே சிறையில் இருந்தார். ஒரு டியூக்கின் மனைவி! அப்புறம் சமரசமாகிப் பெருந்தொகை கைக்கு வந்தது, சதர்லாந்து எல்லைக்குச் சற்று வெளியே இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். புகுந்த வீட்டாருக்கு மணிகூடச் சொல்லமாட்டேன் என்றுதான் அந்தச் சுவரை அப்படி விட்டாராம். கோட்டை முடிந்தது 1917-ல், அவர் இறந்தது 1912-ல். பாவம், எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

ஆனால் என் மனசு அதைவிட வேறொன்றில் நிற்கிறது. இந்த டியூக்கின் பாட்டி காலத்தில், செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காக இதே நிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடியானவர்களை விரட்டினார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் வீட்டுக் கூரைகளைக் கொளுத்தியே விரட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 1886-ல் சட்டம் வந்த பிறகுதான் சிறு குடியானவர் ஒருவர் தன் குத்தகை உரிமையைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிவைக்க முடிந்தது.

அப்படி ஒரு குடியானவரின் உயிலைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. இங்கே ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கச் சொல்லி மகளிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். கைநாட்டா கையெழுத்தா என்று நீதான் முதலில் பார்ப்பாய்.

அன்புடன்,
ராமசாமி