புகார் கடிதம்: 'சைவம் உறுதி' என்று விற்ற பர்ன்ஸ் இரவு விருந்து

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
லண்டன் தலைமை அலுவலகம்.

பொருள்: ஜனவரி 25, 2025 சனிக்கிழமை பர்ன்ஸ் இரவு (கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள்) விருந்துடன் கூடிய ஸ்காட்லாந்து பெர்த்ஷயர் வாரயிறுதிப் பேக்கேஜ் – பணம் 780 பவுண்டைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். மெயில் போட்டால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் அனுப்புகிறது. போன் செய்தால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். விருந்து நடந்த பப்பைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறார்கள், உங்களைக் கேட்டால் பப்பைக் கேட்கச் சொல்கிறீர்கள். அலுத்துப்போய்த்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து யாராவது ஒருவர் முழுதாகப் படியுங்கள்.

அந்தப் பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணப்பு அடுப்பு ஓரமாக மேசை, வெஜ் ஹாகிஸ் (ஆட்டு உள்ளுறுப்புகளில் செய்யும் ஹாகிஸின் சைவ வகை), டண்டீயிலிருந்து கோச் பஸ், டன்கெல்ட் பக்கம் இரண்டு இரவு தங்கல், எல்லாம் உங்கள் விளம்பரத்தில் நீங்களே போட்டதுதான். அதில் பச்சை வட்டத்துக்குள் 'சைவம் உறுதி' என்று அச்சடித்தவர்களும் நீங்கள்தான். தமிழ்க் குடும்பங்களுக்கென்றே நடத்துகிறோம் என்று சொன்னதை நம்பித்தான், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுக்காக இதை எடுத்தேன். 'அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது' என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் உள்ளது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பப்பின் மேல் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அப்பாவுக்குத்தான் 'பப்' என்ற பேரைக் கேட்டதுமே முகம் மாறியது. குடும்பத்தோடு டாஸ்மாக்கில் போய் உட்காருவதா என்றார். இது வேறு வகை, இங்கே சாப்பாடுதான் முக்கியம், லண்டனில் 1991-இல் 'தி ஈகிள்' என்ற பப்பில் ஆரம்பித்ததிலிருந்து இதற்கு காஸ்ட்ரோபப் என்றே பேர் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். உள்ளே போனதும் அவருக்கே பிடித்துவிட்டது. தாழ்ந்த மரக்கூரை, விறகு எரியும் வாசனை, பக்கத்து மேசைக் கிழவரின் காலடியில் ஒரு நாய். கல்லன் ஸ்கிங்க் வாங்கிக் கொடுத்தேன். புகையிட்ட ஹாடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த சூப். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

ஆனால் எங்கள் மேசை கணப்பு அடுப்பு ஓரத்தில் இல்லை, கழிவறைக்குப் போகும் நடையில் போட்டிருந்தார்கள். உங்களிடமிருந்து 'நான்கு பேர்' என்று மட்டும்தான் தகவல் வந்ததாம். சமையற்காரரே வெளியே வந்து, நீங்கள் அனுப்பிய மெயிலைத் திறந்து காட்டினார். சைவம் என்ற வார்த்தையே அதில் இல்லை. பர்ன்ஸ் இரவு என்பதால் வெஜ் ஹாகிஸ் எத்தனை பேர் முன்கூட்டிச் சொன்னார்களோ அத்தனைதான் செய்திருந்தார்கள், அதுவும் தீர்ந்திருந்தது. பருப்பும் ஓட்ஸும் போட்ட வெஜ் ஹாகிஸ் எடின்பரோவில் 1984-இலிருந்து தயாராகிறது. சூப்பர் மார்க்கெட்டில்கூடக் கிடைக்கும். ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தால் எடுத்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி உங்களுக்குப் பாரமாகிவிட்டது.

சரி, அம்மாவுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸாவது வாங்கித் தரலாமா என்று உங்கள் அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். இதை நன்றாகக் கவனியுங்கள். மேசையிலிருந்தே கேட்டேன். 'உருளைக்கிழங்கு சைவம்தானே சார், இதுக்கெல்லாமா போன் பண்றீங்க?' என்றார் உங்கள் ஊழியர்.

சிப்ஸ் வந்தது. சின்னத் தகர வாளியில், விரல் கனத்துக்கு வெட்டி, மேலே கல் உப்புத் தூவி. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம்மூர் எண்ணெயில் இப்படி மொறுமொறுப்பு வராதே, என்ன எண்ணெய் என்று கேளேன் என்றாள். கேட்டேன். பரிமாறிய பெண் சிரித்த முகத்தோடு சொல்ல ஆரம்பித்தவள், அம்மாவின் நெற்றியையும் புடவையையும் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். மேசையோரம் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: மாட்டுக் கொழுப்பு. மெனு அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் அது இருக்கவும் செய்தது.

அதே நேரத்தில்தான் பேக்பைப் வாசித்துக்கொண்டு ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வந்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். ஒருவர் கத்தியை ஓங்கி பர்ன்ஸின் கவிதையைச் சொல்கிறார். என் அம்மா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எழுபது வருட ஆசாரம் ஐயா. அதை ஒரு வாளி சிப்ஸில் போட்டுப் பொரித்துவிட்டீர்கள்.

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பல இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். ஹைலேண்ட்ஸ் சுற்றுலா நடத்துகிற கம்பெனிக்கு இது தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரியாமல் விற்றிருந்தால் அலட்சியம். தெரிந்தே விற்றிருந்தால் அதற்குப் பேர் வேறு.

மறுநாள் காலை நான் பேசியது யாரிடம் என்று கண்டுபிடியுங்கள். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள். பெயர் கேட்டால் சொல்லவில்லை. அலர்ஜி பட்டியல் பப்புக்குப் போய்விட்டது, அதில் பிரச்சினை எதுவும் இல்லை என்றார். சட்டப்படி சொல்ல வேண்டிய அந்த 14 அலர்ஜிப் பொருள்களில் மாட்டுக் கொழுப்பே வராது, சைவம் என்பது அலர்ஜி அல்ல என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். அதற்கு அவர் சொன்னது: 'சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைல்ல சார், அப்புறம் என்ன?' பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. அது என் காதை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டைக்கூட மன்னித்துவிடலாம், இந்தப் பேச்சை மன்னிக்க மாட்டேன். தமிழ் பேசுகிற ஒருவர் வாயிலிருந்து இது வந்தது என்பதுதான் இன்னும் எரிகிறது.

எடின்பரோ விஷயத்தை விட்டுவிட்டேன் பாருங்கள். அசல் பில்லை எடுத்துக்கொண்டு எடின்பரோ கவுண்ட்டருக்கு நேரில் வாருங்கள், அங்கேயே பணம் தந்துவிடுவோம் என்று ஒரு அம்மையார் சொன்னார். வேலைக்கு லீவு போட்டு, டண்டீயிலிருந்து டே பாலமும் ஃபோர்த் பாலமும் தாண்டி ரயிலில் போனேன். நீங்கள் கொடுத்த முகவரியில் இருப்பது பணம் மாற்றுகிற கடை. உங்கள் துண்டுப் பிரசுரங்களை அங்கே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கவுண்ட்டர் என்று எதுவும் இல்லை. 'இப்படி நிறைய பேர் வர்றாங்க சார்' என்றார் கடைக்காரர். நிறைய பேர்! மழையில் நனைந்து ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தபோது, வாழ்க்கையில் இதைவிட வீணான நாள் இருந்திருக்குமா என்று தோன்றியது. அந்த ரயில் டிக்கெட்டும் உங்கள் கணக்கில்தான் வரும்.

'பப்பைக் கேளுங்கள்' என்ற பதில் இனி செல்லாது. கோச்சும் தங்கலும் விருந்தும் சேர்த்து ஒரே விலையில் விற்றவர்கள் நீங்கள். பேக்கேஜ் சுற்றுலாவுக்கான 2018 விதிகளின்படி, இடையில் யார் தவறு செய்திருந்தாலும் பொறுப்பு விற்றவருடையது. உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டில்தான் கட்டினேன், அதனால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமும் போக முடியும். அதுவும் ஆகவில்லையென்றால் ஸ்காட்லாந்தின் உள்ளூர் நீதிமன்றமான ஷெரிஃப் நீதிமன்றம் இருக்கிறது. 5,000 பவுண்டு வரையான வழக்குக்கு அங்கே எளிய நடைமுறை உண்டு, வக்கீல்கூட வேண்டாம், நானே வாதாடுவேன். தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. எழுத வைத்துவிடாதீர்கள்.

சண்டை போடுவதில் எனக்கு ஆசையில்லை. பெற்றவர்களுக்கு நல்லபடியாக ஒரு வாரயிறுதி அமைய வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மிச்சம் இருந்த ஒரு நாளும் அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. டே நதிக்கரையை நானும் அப்பாவும் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். ஊருக்குத் திரும்பிய கையோடு ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தத்திலும் குளித்தால்தான் மனசு ஆறும் என்றாள். இந்த வயதில், மூட்டு வலியோடு. அந்தச் செலவையும் உங்களிடம் கேட்பதுதான் நியாயம். ஆனாலும் இப்போதைக்கு 780 பவுண்டையும் எடின்பரோ ரயில் கட்டணத்தையும் மட்டும் கேட்கிறேன். அடுத்த சீசனுக்கான தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இவை தவிர இரண்டு வேண்டும். அந்த ஊழியர் என் அம்மாவுக்குத் தமிழில், தன் பெயர் போட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அந்தப் பச்சை வட்டத்தை உங்கள் விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது அதற்கு உண்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
டண்டீ வாடிக்கையாளர்